கெர்னலும் மொடியூல்களும்: நிறுவும் வேளையில் நடப்பது என்ன?

லினக்ஸ் பணிசெயல் முறைமையின் கருவான கெர்னலைத் தானே தொகுத்து (கம்பைல் செய்து) தன் கணினியில் இயக்க முற்படுபவருக்குக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, மூலநிரலைப் பெறுவதையும் தெரிவுகளைச் செய்வதையும் தொகுப்பதையும் விரிவாகச் சொல்லிவிட்டு, நிறுவுவதைக் கடைசியில் இரண்டு கட்டளைகளோடு முடித்துவிடுகின்றன. முதலாவது ‘மேக் மொடியூல்ஸ்_இன்ஸ்டோல்’, இரண்டாவது ‘மேக் இன்ஸ்டோல்’. தொகுப்பில் பிழை நேர்ந்தால் அதன் செய்தி உடனே திரையில் வரும். கணினி பழையபடியே இயங்கிக்கொண்டிருக்கும். திருத்திவிட்டு மறுபடி தொகுக்கலாம். நிறுவுவதில் நேரும் பிழை பெரும்பாலும் அந்நேரத்தில் வெளித்தெரிவதில்லை. கணினியை மீளத் தொடக்கும்போது, கடவுச்சொல் கேட்கும் திரைக்குக்கூட வந்துசேராமல் நின்றுவிடும் இயந்திரமாகத்தான் அது வெளிப்படும். ஆகவே அந்த இரண்டு கட்டளைகளும் உள்ளே என்ன செய்கின்றன என்பதை அறிந்துகொள்வது, தொகுக்கும் முறையை அறிவதிலும் பார்க்க முக்கியமானது என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலையைச் செய்பவர்களின் சூழலையும் கணக்கில் எடுக்க வேண்டும். திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் அறை எடுத்துத் தங்கிக் கணினி படிக்கும் மாணவர் பலரின் கையில் இருப்பது, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தாம் பாவித்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்த மடிகணினி. நினைவகம் குறைவு, மின்கலம் தளர்ந்துவிட்டது, வைஃபை அட்டை ஏதோ ஒரு பழைய ரகம். அத்தகைய கணினியில் கெர்னலைத் தொகுப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: உபுண்டு போன்ற லினக்ஸ் விநியோகத்தோடு வரும் கெர்னலில் இயக்கப்படாத ஒரு வசதியை இயக்குதல், புதிய பதிப்பில் மட்டும் சரிசெய்யப்பட்ட ஒரு ட்ரைவரை (வன்பொருளை இயக்கும் நிரலை) பெறுதல், ஒரு வழு எந்த மாற்றத்தோடு நுழைந்தது என்று தேடுதல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பணிசெயல் முறைமை எப்படி இயங்குகிறது என்பதைக் கைப்படக் கற்றல். வேகம் கூடும் என்ற எதிர்பார்ப்பில் இதைத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். சாதாரண பாவனையில் கண்ணுக்குத் தெரியும் வேக வித்தியாசம் அரிதாகவே கிடைக்கிறது.

இனி விடயத்துக்கு வருவோம். கெர்னலைத் தொகுக்கும்போது ஒவ்வொரு வசதிக்கும் மூன்று தெரிவுகளில் ஒன்று வழங்கப்படலாம்: கெர்னலின் உள்ளேயே சேர்த்துக் கட்டுவது, மொடியூலாகத் தனிக் கோப்பில் வைப்பது, முற்றாக விட்டுவிடுவது. உபுண்டு, டெபியன் போன்ற விநியோகங்கள் உலகில் உள்ள எந்தக் கணினியிலும் இயங்க வேண்டியவை என்பதால், பல்லாயிரம் ட்ரைவர்களை மொடியூல்களாக்கி வட்டில் வைத்துவிட்டு, இயந்திரத்தில் இருக்கும் வன்பொருளுக்குத் தேவையானவற்றை மட்டும் ஏற்றிக்கொள்கின்றன. இதன் விளைவாகக் கெர்னல் ஒரே உடலாக இருந்தும் இரண்டு இடங்களில் வாழ்கிறது. மையப் பகுதி ‘பூட்’ கோப்புறையில், பத்துப் பதினைந்து மெகாபைட் அளவிலான ஒற்றைக் கோப்பாக இருக்கும்; மற்றைய பகுதி ‘லிப்’ கோப்புறையின் கீழ் ‘மொடியூல்ஸ்’ என்பதற்குள், கெர்னலின் வெளியீட்டுப் பெயரைத் தாங்கிய தனிக் கோப்புறையில் இருக்கும். கணினி தொடங்கும் சில விநாடிகளுக்குள் இவ்விரண்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துச் சேர வேண்டும். நிறுவுதல் என்பது அந்தச் சேர்க்கைக்கு வழிசெய்வதே. நிறுவிய பின் நேரும் தொல்லைகளில் மிகப் பெரும்பாலானவை அந்தச் சேர்க்கை எங்கோ அறுந்ததன் விளைவுகள்.

ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்கலாம். பத்து ஆண்டுகளுக்கு முன் தொகுத்த ஒரு பயனர் மென்பொருள் இன்றைய கெர்னலிலும் ஓடுகிறதே, பழைய மொடியூல் ஒன்று ஏன் ஓடக்கூடாது? லினக்ஸ் இரண்டு எல்லைகளை வேறுபடுத்துகிறது. பயனர் மென்பொருளுக்கும் கெர்னலுக்கும் இடையிலான அழைப்புகளை முறிக்கக்கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். ஆனால் கெர்னலின் உட்பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் முறைக்கு அப்படி எந்த உறுதியும் வழங்கப்படவில்லை. தரவுக் கட்டமைப்பில் ஒரு புலம் கூடலாம், சார்பு ஒன்றின் பெயர் மாறலாம், ஒரு தெரிவை இயக்கியதால் மட்டுமே நினைவகத்தில் அதே கட்டமைப்பின் அளவு வேறுபடலாம். வேறொரு கெர்னலுக்காகத் தொகுத்த மொடியூலை உள்ளே விட்டால், அது தவறான இடத்தில் தவறான பெறுமானத்தை எழுதிவிடக்கூடும். அதைத் தடுக்கவே ஒவ்வொரு மொடியூலிலும் அது எந்தக் கெர்னலுக்கு உரியது என்ற அடையாளச் சரம் பதிக்கப்படுகிறது. வெளியீட்டுப் பெயரும், பல செயலகங்களுக்கான (புரொசசர்) ஆதரவு இருக்கிறதா என்பது போன்ற சில அடிப்படைத் தெரிவுகளும் அதில் அடங்கும். பொருந்தாவிட்டால் ‘மொடியூலின் வடிவம் செல்லாது’ என்ற பொருள்படும் செய்தியோடு கெர்னல் அதை ஏற்க மறுத்துவிடும். மறுப்பது நமக்கு நல்லதே.

ஆகவே எல்லாம் அந்த வெளியீட்டுப் பெயரில் தங்கியிருக்கிறது. 2024 நவம்பரில் வெளிவந்த, நீண்டகாலப் பராமரிப்புக்குத் தெரிவான 6.12 பதிப்பை எடுத்துக்கொண்டால், பெயரின் முற்பகுதி மூலநிரலில் இருந்தே வரும். பிற்பகுதியை நாம் தெரிவுகளில் எழுதலாம். ஆங்கில எழுத்துகளில் ‘-யாழ்1’ என்பது போல ஒரு குறியீட்டைச் சேர்த்தால் 6.12.0-யாழ்1 என்ற பெயர் உருவாகும். ‘மேக் கெர்னல்ரிலீஸ்’ என்ற கட்டளை இறுதிப் பெயர் என்ன என்று நிறுவுவதற்கு முன்பே காட்டிவிடும். இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலின் பெயரை ‘யூநேம் -ஆர்’ கட்டளை காட்டும். இவ்விரண்டும் ஒன்றாக இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, பெயரை மாற்றிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மொடியூல்களை நிறுவும் கட்டளை புதியவற்றைப் பிரதிசெய்வதற்கு முன், அதே பெயருடைய கோப்புறையில் ஏற்கெனவே இருக்கும் மொடியூல்களை அழித்துவிடுகிறது. மையக் கோப்பை நிறுவும் கட்டளையோ, அதே பெயரில் பழையது இருந்தால் அதைப் ‘பழையது’ என்ற பின்னொட்டோடு ஒதுக்கி வைக்கிறது. எனவே ஒரே பெயரில் இரண்டாவது முறை நிறுவியவருக்குத் தன்னிடம் பழைய கெர்னல் பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணம் தோன்றும். உண்மையில் அந்தப் பழைய மையத்துக்கு உரிய மொடியூல்கள் ஏற்கெனவே போய்விட்டன. புதியதில் கோளாறு ஏற்பட்டு அவர் பழையதைத் தேடிப் போகும் நாளில், அது வலையமைப்போ ஒலியோ இல்லாமல் அரைகுறையாகத் தொடங்கும், அல்லது தொடங்கவே தொடங்காது. ஒவ்வொரு தொகுப்புக்கும் யாழ்1, யாழ்2, யாழ்3 என்று வேறு பெயர் இடுவது சில எழுத்துகளைத் தட்டும் வேலை மட்டுமே.

மொடியூல்களை நிறுவும் கட்டளை கோப்புகளைப் பிரதிசெய்வதோடு நின்றுவிடுவதில்லை. இறுதியில் ‘டெப்மொட்’ என்ற கருவியை இயக்குகிறது. எந்த மொடியூல் எதில் தங்கியிருக்கிறது என்ற பட்டியலையும், எந்த வன்பொருளுக்கு எந்த மொடியூல் உரியது என்ற பட்டியலையும் இக்கருவி உருவாக்குகிறது. கணினியில் உள்ள ஒவ்வொரு சாதனமும் தன் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சொல்லும். உதாரணமாக இன்ரெல் நிறுவனத்தின் எண் 8086. அந்த எண்களைக் கொண்டே பட்டியலில் தேடி உரிய ட்ரைவர் ஏற்றப்படுகிறது. மொடியூல் கோப்பு ஒன்றைக் கையால் பிரதிசெய்து உரிய இடத்தில் வைத்த பின்னும் வைஃபை எழும்பாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படாததே காரணம். கோப்பு இருக்கிறது, ஆனால் அதைத் தேடுபவருக்கு அது இருப்பது தெரியாது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். விநியோகத்தின் தெரிவுக் கோப்பை அப்படியே எடுத்துத் தொகுத்தால், வழுத்தேடலுக்கான தகவல்களும் சேர்ந்து மொடியூல்கள் பல கிகாபைட்டுக்குப் பெருத்துவிடும். விநியோகம் அந்தத் தகவல்களைப் பிரித்துத் தனிப் பொதியாக வைத்துவிடுவதால் அதன் மொடியூல்கள் சிறியனவாகத் தெரிகின்றன. நிறுவும் கட்டளையோடு ‘இன்ஸ்டோல்_மொட்_ஸ்ட்ரிப்’ என்ற மாறிக்கு 1 என்ற பெறுமானத்தைக் கொடுத்தால் இந்தச் சுமை நீங்கும். 120 கிகாபைட் வட்டோடு இயங்கும் மடிகணினியில் இது பெரிய விடயம். தொகுக்கும் கோப்புறையே 20 கிகாபைட்டைத் தாண்டக்கூடும்.

அடுத்தது தொடக்கநேரக் கோப்புத் தொகுதி. இதை ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்பார்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வட்டைப் படிக்க வட்டுக்கான ட்ரைவர் வேண்டும். அந்த ட்ரைவர் மொடியூலாக அதே வட்டில் இருக்கிறது. வாளியும் கயிறும் கிணற்றுக்குள் விழுந்துவிட்டால் வெளியில் வைத்திருக்கும் பாதாளக் கரண்டியால்தான் அவற்றை எடுக்க வேண்டியிருப்பது போல, வட்டைத் திறப்பதற்குத் தேவையான மொடியூல்களை மட்டும் கொண்ட ஒரு சிறு கோப்புத் தொகுதி முன்கூட்டியே கட்டி வைக்கப்படுகிறது. கணினி தொடங்கும்போது கிரப் என்னும் தொடக்க மென்பொருள் கெர்னலின் மையத்தையும் இந்தச் சிறு தொகுதியையும் சேர்த்தே நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் அதை விரித்து, அதற்குள் இருக்கும் வட்டுக்கான ட்ரைவர் (சாட்டா அல்லது என்விஎம்இ வகை), எக்ஸ்ட்4 போன்ற கோப்புத் தொகுதிக்கான மொடியூல், வட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அதற்கான மொடியூல் ஆகியவற்றை ஏற்றி, உண்மையான வட்டைத் திறந்த பின் கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது.

கட்டளைகளின் வரிசை ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். உபுண்டுவிலும் டெபியனிலும் ‘மேக் இன்ஸ்டோல்’ கட்டளை மையக் கோப்பைப் பிரதிசெய்த கையோடு, அந்தச் சிறு தொகுதியைக் கட்டும் கருவியையும் கிரப்பின் பட்டியலைப் புதுப்பிக்கும் கருவியையும் அழைக்கிறது. மொடியூல்கள் அதற்கு முன்பே உரிய கோப்புறையில் இருந்தால்தான் அவற்றில் இருந்து தேவையானவற்றை எடுத்துத் தொகுதியில் சேர்க்க முடியும். வரிசையை மாற்றிச் செய்தவருக்கு அந்நேரம் சில எச்சரிக்கை வரிகள் வந்து போகும்; கட்டளை பிழையின்றி முடிந்ததாகவே தோன்றும்; மொடியூல் இல்லாத வெறுந் தொகுதி ஒன்று கட்டப்பட்டிருக்கும்.

அப்படி நேர்ந்த பின் திரையில் தோன்றும் செய்தியைக் கவனமாகப் படித்தால் நோய் எங்கே என்று அறியலாம். முறைமை இருக்கும் வேர்க் கோப்புத் தொகுதியை ஏற்ற முடியவில்லை என்று கூறி, அடைப்புக்குறிக்குள் 0,0 என்ற எண்களோடு கெர்னலே நின்றுவிட்டால், அந்தச் சிறு தொகுதி பெரும்பாலும் ஏற்றப்படவே இல்லை அல்லது சிதைந்திருக்கிறது. மாறாக, வட்டின் அடையாள எண் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு கட்டளை வரியைத் தந்து காத்திருந்தால், தொகுதி ஏறியிருக்கிறது, ஆனால் வட்டைத் திறக்கும் மொடியூல் அதற்குள் இல்லை. முதலாவது நிலைக்கு அடிக்கடி காரணமாக இருப்பது இடப் பற்றாக்குறை. முழு வட்டையும் மறைகுறியாக்கி உபுண்டுவை நிறுவியவர்களுக்குப் ‘பூட்’ கோப்புறை தனியான சிறு பகிர்வாக (வட்டின் தனிப் பிரிவாக) இருக்கும். மேலே சொன்ன வழுத்தேடல் தகவல்களோடு கூடிய மொடியூல்களைக் கொண்டு தொகுதியைக் கட்டினால் அது நூற்றுக்கணக்கான மெகாபைட் ஆகி, பகிர்வு நிரம்பி, பாதியில் அறுந்துவிடும். எனவே நிறுவுவதற்கு முன்னும் பின்னும் அங்கே எஞ்சியிருக்கும் இடத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தெரிவுகளைக் குறைத்துக்கொள்ள 2009இல் கெர்னலில் சேர்க்கப்பட்ட ‘லோக்கல்மொட்கொன்பிக்’ என்ற வசதி பழைய மடிகணினிகளுக்கு வரப்பிரசாதம். அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது நீக்கிவிடும். பல மணி நேரத் தொகுப்பு வெகுவாகச் சுருங்கும். ஆனால் அந்த நேரத்தில் செருகப்படாமல் இருந்த சாதனங்களை அது அறியாது. மின்சாரம் நின்றால் இணையத்துக்காகச் செருகும் டொங்கிள், மாதம் ஒருமுறை அச்சிடும் அச்சுப்பொறி, வேறொருவர் கொண்டுவரும் பென்ட்ரைவில் இருக்கும் கோப்புத் தொகுதி ஆகிய அனைத்துக்கும் உரிய மொடியூல்கள் போய்விடும். ஆகவே கட்டளையை இயக்குவதற்கு முன் வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒருமுறை செருகிப் பயன்படுத்திவிட வேண்டும்.

எல்லாவற்றையும் மொடியூலாக்காமல் உள்ளேயே கட்டிவிட்டால் தொல்லை தீருமே என்று சிலர் நினைப்பதுண்டு. வட்டுக்கும் கோப்புத் தொகுதிக்கும் அது நல்ல வழிதான். வைஃபை, வரைகலை அட்டை போன்றவற்றுக்கு அது பொருந்தாது. அவற்றின் ட்ரைவர்கள் தயாரிப்பாளர் வழங்கும் நுண்நிரலை (ஃபேர்ம்வேர்) வட்டில் இருந்து படித்துச் சாதனத்தில் ஏற்ற வேண்டும், உள்ளே கட்டப்பட்ட ட்ரைவரோ வட்டு திறக்கப்படுவதற்கு முன்பே விழித்துக்கொண்டு நுண்நிரலைத் தேடும், கிடைக்காது.

மின்வெட்டைப் பற்றி யாழ்ப்பாணத்தில் எழுதுபவர் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்ட நிலை இன்று இல்லை. ஆயினும் கோடை இடியோடும் மாரி மழையோடும் வரும் திடீர் நிறுத்தங்கள் இருக்கவே செய்கின்றன. தொகுக்கும்போது மின்சாரம் போனால் இழப்பு சிறிது. ‘மேக்’ கருவி ஏற்கெனவே தொகுத்த கோப்புகளின் நேரத்தைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். அறுந்த வேளையில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஓரிரு கோப்புகள் பழுதாகியிருந்தால் அவற்றை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். நிறுவும் சில நிமிடங்கள் அப்படியல்ல. எக்ஸ்ட்4 தன் கட்டமைப்பைக் காத்துக்கொள்ளும், ஆனால் பாதியில் எழுதப்பட்ட கோப்பின் உள்ளடக்கத்துக்கு உத்தரவாதம் தராது. தொகுப்பை இரவில், வெக்கை குறைந்த நேரத்தில் ஓடவிடலாம். நிறுவுவதை மின்கலம் நிரம்பியிருக்கும்போதோ யூபிஎஸ் இணைத்தோ மட்டும் செய்து, முடிந்ததும் ‘சிங்க்’ கட்டளையால் எல்லாம் வட்டில் எழுதப்பட்டதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இன்னும் நல்ல வழி, வலுவான கணினி ஒன்றில் தொகுத்து மற்றவற்றுக்குப் பொதியாகக் கொண்டுசெல்வது. ‘மேக் பின்டெப்-பிகேஜி’ என்ற கட்டளை மையத்தையும் மொடியூல்களையும் ஒரே டெபியன் பொதியில் அடைத்துவிடும். ஆய்வுகூடத்தில் ஒரே ரகக் கணினிகள் பல இருந்தால், ஒன்றில் தொகுத்துப் பென்ட்ரைவில் எடுத்துச் சென்று எல்லாவற்றிலும் நிறுவலாம். மூலநிரலின் சுருக்கப்பட்ட கோப்பு மட்டும் 140 மெகாபைட்டை அண்டியது என்பதால், கைபேசி டேட்டாவை நம்பியிருப்பவர்களுக்கும் இது சிக்கனம். மையமும் மொடியூல்களும் ஒரே பொதியில் பயணிப்பதால் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும் ஆபத்தும் குறைகிறது. வழுத்தேடலுக்கான பெரிய பொதியும் உடன் உருவாகியிருந்தால் அதைக் கொண்டுசெல்லத் தேவையில்லை.

2012இல் விண்டோஸ் 8 வெளிவந்த பின் விற்கப்பட்ட கணினிகளில் ‘செக்கியூர் பூட்’ என்ற பாதுகாப்பு பெரும்பாலும் இயக்கப்பட்டிருக்கும். நாம் தொகுத்த கெர்னலில் ஏற்கத்தக்க கையொப்பம் இல்லாததால் கிரப் அதை ஏற்ற மறுக்கும். அந்தப் பாதுகாப்பை நிறுத்திவிடலாம். அல்லது நம் சொந்தச் சாவியைக் கணினியில் பதிவுசெய்து, அதனால் கெர்னலுக்குக் கையொப்பம் இடலாம். கற்பதற்கான பழைய மடிகணினியில் முதலாவதே போதும். மறைகுறியாக்கிய வட்டோடு அன்றாடம் தூக்கித் திரியும் கணினியில் இரண்டாவதற்கு நேரம் செலவிடுவதே முறை. மொடியூல்களின் கையொப்பம் வேறு விடயம். தொகுக்கும்போதே உருவாகும் சாவியால் நிறுவும் கட்டளை தானாகவே அதை இடுகிறது. நிறுவிய பின் மொடியூல்களில் இருந்து வழுத்தேடல் தகவல்களைக் கையால் நீக்க முயன்றால் அந்தக் கையொப்பம் அழிந்துவிடும். உபுண்டுவின் தெரிவுக் கோப்பைப் பயன்படுத்துபவர்கள், உபுண்டுவை வெளியிடும் நிறுவனத்தின் சான்றிதழ்க் கோப்புகளைக் குறிக்கும் இரண்டு வரிகளை வெறுமையாக்காவிட்டால் தொகுப்பே நின்றுவிடும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

முதன்முறை தொடக்குவதற்கு நான் பரிந்துரைப்பது கிரப்பின் ஒருமுறைத் தெரிவு. கிரப்பின் இயல்புத் தெரிவைச் ‘சேமித்தது’ என்று அமைத்துவிட்டு, பழைய கெர்னலை இயல்பானதாக வைத்துக்கொண்டு, ‘கிரப்-ரீபூட்’ கட்டளையால் அடுத்த ஒரு தடவைக்கு மட்டும் புதியதைக் குறிக்கலாம். கெர்னலுக்கான கட்டளை வரியில் ‘பானிக்’ என்பதற்கு 10 என்ற பெறுமானத்தைச் சேர்த்தால், கெர்னல் நின்றுபோகும் நிலையில் பத்து விநாடிகளில் கணினி தானாகவே மீளத் தொடங்கிப் பழையதற்குத் திரும்பிவிடும். தொலைவில் இருக்கும் கணினியில் வேலை செய்பவருக்கு இது இன்றியமையாதது. தொடங்கிய பின் பெயரைச் சரிபார்த்து, வைஃபை, ஒலி, தூக்க நிலைக்குப் போய் மீளுதல் ஆகியவற்றைச் சில நாட்கள் பார்த்த பின்பே புதியதை இயல்பாக்க வேண்டும்.

நீக்குவது எளிது, ஆனால் முழுமையாகச் செய்ய வேண்டும். பொதியாக நிறுவியதை வழமையான கருவியே நீக்கிவிடும். ‘மேக் இன்ஸ்டோல்’ வழியாக நிறுவியதைப் பொதி மேலாளர் அறியாது. ‘பூட்’ கோப்புறையில் அந்தப் பெயரைத் தாங்கிய நான்கு கோப்புகளையும் மொடியூல் கோப்புறையையும் கையால் அழித்து, கிரப்பின் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். அதே காரணத்தால் பாதுகாப்புத் திருத்தங்களும் அந்தக் கெர்னலுக்குத் தாமாக வந்து சேரா. விநியோகத்தின் புதுப்பிப்பு தன் கெர்னலை மட்டுமே மாற்றும். ஆகவே அன்றாடப் பாவனைக்குத் தம் கெர்னலை வைத்திருக்க விரும்புபவர்கள் நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பு ஒன்றைத் தெரிவுசெய்து, அதன் திருத்த வெளியீடுகளைத் தொடர்ந்து கவனித்து, பழைய தெரிவுக் கோப்பை ‘ஓல்ட்டெஃப்கொன்பிக்’ மூலம் புதியதற்குக் கொண்டுவந்து, புதிய பெயரோடு மறுபடி தொகுத்து நிறுவிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்க முடியாதவர்கள் கற்றலுக்காகத் தொகுத்ததைக் கற்றலோடு நிறுத்திக்கொண்டு, அன்றாட வேலைக்கு விநியோகத்தின் கெர்னலுக்கே திரும்பிவிடுவது நல்லது.